விட்டுப்போன ஒரு சொல்

இருமல் மருந்து இருமலைப் போக்குகிறது. எலி மருந்து எலியைக் கொல்லுகிறது. குழந்தை மருந்தோ குழந்தையைப் போக்குவதும் இல்லை, கொல்லுவதும் இல்லை, குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது. 'மருந்து' என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் இன்னொரு பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு, இரண்டுக்கும் என்ன உறவு என்பதை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். சொல்லாவிட்டாலும் கேட்கிறவனுக்குப் புரிகிறது. புரியாமல் போயிருந்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ குழந்தைகள் பெரியவர்களாகியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு வேற்றுமைத்தொகை என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். ஐ, ஆல், கு முதலான உருபுகள் மறைந்து நிற்பது தொகை. உருபோடு சேர்ந்து அதன் பயனும் மறைந்து நின்றால் 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை'. பொற்குடம் என்றால் பொன்னால் செய்த குடம். மறைந்ததை வெளியே கொண்டுவந்து எழுதினால் அது விரி. இவ்வளவையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே மறந்தேன். ஆனால் 'வேற்றுமை' என்ற அந்தப் பெயரை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பெயரின் பொருளை வேறுபடுத்துவதால் அது வேற்றுமை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கு என்று ஓர் இயலை ஒதுக்கியது போதாமல், ஒரு வேற்றுமை இன்னொன்றோடு மயங்குவதற்கு என்றே மற்றோர் இயலையும் ஒதுக்கியிருக்கிறார். பெயர் தனியாக நின்றால் போதாது, அது எதை, எதனால், எதற்கு, எதன், எதில் என்று சொல்லியாக வேண்டும் என்ற கவலை நமக்குப் புதியது அல்ல.

ஆங்கிலத்தில் இந்தக் காரியத்தை 'ஆஃப்', 'இன்', 'ஃபார்', 'ஃப்ரம்' போன்ற சின்னச் சின்னச் சொற்கள் செய்கின்றன. விஞ்ஞானிகளுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள் திரும்பத் திரும்ப ஒரு புத்திமதி சொல்லுகின்றன: பெயர்களை ரயில் பெட்டிகள் போல ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து விடாதே, இடையில் இந்தச் சிறு சொற்களைப் போட்டு விரித்து எழுது. நம் மொழியிலும் அந்த வியாதி வந்துவிட்டது. 'குழந்தை ரத்த ஈய அளவுச் சோதனை' என்று ஒரு வாக்கியத்தை எங்கேனும் பார்த்தால், ஈயம் எதில், அளவு எதன், சோதனை யாருக்கு என்று தேடிப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. 'ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் கலந்திருக்கும் ஈயத்தின் அளவைச் சோதிப்பது' என்று விரித்துவிட்டால் வாக்கியம் நீளுகிறது. ஆனால் சந்தேகம் குறுகிப் போகிறது.

இது வெறும் இலக்கண விஷயம் என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன்.

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதியும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ரசாயனம் நடத்திய ஒருவரை மாணவர்கள் 'எதில் சார்' என்று அழைப்போம். அவருக்கு முன்னால் நேரே நின்று எவனும் ஒரு பெயர்ச்சொல்லைத் தனியாக உச்சரித்துவிட முடியாது. 

"தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?"

"100 டிகிரி, சார்."

"எதில்?"

"அடுப்பில், சார்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எந்த ஊர் அடுப்பு? கொடைக்கானலில் உன் பாட்டி இருந்தால் அவளுடைய அடுப்பில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகவே போகாது. 93-லேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லை என்று அவள் விறகைத் திட்டிக்கொண்டிருப்பாள். திட்ட வேண்டியது காற்றின் அழுத்தத்தை. 'ஒரு வளிமண்டல அழுத்தத்தில்' என்று எழுது. இல்லாவிட்டால் அரை மார்க் போய்விடும்."

அரை மார்க் போய்க்கொண்டேதான் இருந்தது. யாராவது "தலைவலி, சார்" என்று லீவு கேட்டால், பின் பெஞ்சிலிருந்து "எவர் தலையில்?" என்று ஒரு குரல் வரும். அவருக்கு ஓய்வு கிடைத்த வருஷம்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த 'எதில்?' என்ற கேள்வி மட்டும், கடன் கொடுத்தவன் மாதிரி, என்றைக்கோ ஒரு நாள் வந்து வாசலில் நின்றது.

வந்து நின்றது 1998-ஆம் வருஷம். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் அப்போது எனக்கு வேலை. பெயர் உதவியாசிரியன்; வேலை எடுபிடி. கதைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது, வாசகர் கடிதங்களைச் சுருக்குவது, அதோடு அரைப்பக்கம் 'விஞ்ஞானத் துணுக்கு' எழுதுவது. இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவன் என்பதால் காரியாலயத்தில் நான்தான் விஞ்ஞானி.

அந்த மே மாதம் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்று ஒரு மருத்துவர். புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும், ரத்தம் வர வேண்டுமானால் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும், அந்தக் குழாய்களை முளைக்கவிடாமல் செய்துவிட்டால் கட்டி பட்டினி கிடந்து சுருங்கும் என்று பல வருஷங்களாக, பலர் நம்பாத காலத்திலும், சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய சோதனைச்சாலையில் ஆஞ்சியோஸ்டாட்டின், எண்டோஸ்டாட்டின் என்ற இரண்டு புரதங்களைச் சோதித்திருந்தார்கள். கொடுத்தபோது கட்டிகள் மறைந்தன. திங்கட்கிழமை பங்குச் சந்தை திறந்ததும், அந்த மருந்துகளின் உரிமையை வைத்திருந்த கம்பெனியின் பங்கு, வெள்ளிக்கிழமைவரை 12 டாலருக்கு விற்றது, 80 டாலரைத் தாண்டி ஓடியது. அன்று மாலை 50 டாலர் சுமாருக்கு இறங்கி நின்றது. அமெரிக்காவில் நோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் தங்கள் மருத்துவர்களைக் கூப்பிட்டு அந்த மருந்தைக் கேட்டார்கள்.

அந்தச் செய்தியின் ஆங்கிலத் தலைப்பில் எச்சரிக்கை இருந்தது. 'எலிகளில்' என்ற பொருள் தரும் இரண்டு சொற்களும் இருந்தன. கட்டிகள் மறைந்தது எலிகளில். கடைசிச் சொற்களாக, வால் மாதிரி, அவை அங்கே தொங்கிக்கொண்டிருந்தன.

இங்கேதான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலத்தில் பெயரைக் குறுக்குகிற இந்தச் சொற்றொடர்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வருகின்றன. முதலில் கட்டி, பிறகு எலி. அவசரத்தில் படிக்கிறவன் கட்டியோடு நின்றுவிடலாம். அவசரத்தில் சுருக்குகிறவன் வாலை நறுக்கிவிடலாம். தமிழில் அப்படி நடக்க வழியில்லை. அடையெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'எலிகளின் புற்றுக்கட்டிகளை அழிக்கும் இரு மருந்துகள்' என்றுதான் சொல்லியாக வேண்டும். எலியைத் தாண்டாமல் மருந்துக்குப் போக முடியாது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் வாலாக இருந்தது தமிழில் தலையாக வந்திருந்தது. 

பக்கம் அமைக்கிறவர் என்னைக் கூப்பிட்டார். "தலைப்புல ஒரு வார்த்தை மிஞ்சுது சார். இரண்டாவது வரிக்கு இறங்குது. அசிங்கமா இருக்கு."

நான் தலையை வெட்டினேன்.

'புற்றுக்கட்டிகளை அழிக்கும் இரு மருந்துகள்.' ஒரே வரி. பார்க்க லட்சணமாக இருந்தது. உள்ளே பன்னிரண்டு வரி. அதில் கடைசி வாக்கியம், இவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டவை, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் காலம் ஆகும் என்பது. இதழ் அச்சுக்குப் போகிற தறுவாயில் ஒரு விளம்பரம் வந்தது. கடைசி மூன்று வரி போக வேண்டும் என்றார்கள். அதையும் நானேதான் எடுத்தேன். வேறு எவர் மேலும் பழி போட எனக்கு இடம் இல்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆரணிப் பக்கம், வீட்டில் தறி வைத்திருக்கிறவர். விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டு விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை; அதற்குள் மருத்துவமனைக் காகிதங்கள்; அவற்றுக்கு நடுவில், கசங்காமல், என் அரைப்பக்கம்.

"இத எழுதின சாரப் பார்க்கணும்."

"நான்தான் ஐயா, உட்காருங்க."

என் வயதைப் பார்த்து அவருக்குச் சிறிது ஏமாற்றம் என்று தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தார். சம்சாரத்துக்கு வயிற்றில் கட்டி என்றார். அறுத்துப் பார்த்தார்களாம், பரவிவிட்டது என்று மூடிவிட்டார்களாம். "இந்த மருந்து எங்க கிடைக்கும், தம்பி? விலை ஜாஸ்தியா இருந்தாலும் பரவாயில்ல. தறி இரண்டு இருக்கு. ஒண்ணக் கொடுத்துடலாம்."

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை, வேகமாகச் சொல்லியிருப்பேன். "ஐயா, அது எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மனுஷங்களுக்கு இன்னும் கொடுக்கல."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தார். எழுத்துக் கூட்டி, மெதுவாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

"எலின்னு இதுல இல்லையே, தம்பி."

"இடம் பத்தல ஐயா."

கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. தொழில் தெரிந்த ஒருவர், தொழில் பழகுகிற ஒரு பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நாங்க பட்டுச் சேலைன்னு மட்டும் சொல்லிக் கொடுக்க மாட்டோம். பாவு பட்டா, ஊடையும் பட்டான்னு கேப்பாங்க. ஜரிகை அசலா போலியான்னு கேப்பாங்க. கேக்காட்டியும் சொல்லிடணும். பட்டுன்னு நெனச்சுத்தானே காசு குடுக்கறாங்க?"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாவல்கள் எழுதினேன், கதைகள் எழுதினேன். பாராட்டும் வசையும் சம அளவில் வாங்கினேன். எனக்குக் கிடைத்த விமரிசனங்களில் அதைப் போல வேறொன்று தைத்ததில்லை.

அந்தத் துணுக்கில் நான் எழுதிய சொற்களில் எது பொய்? எதுவும் இல்லை. புற்றுக்கட்டிகள்: இருந்தன. அழிந்தன. மருந்துகள்: இரண்டுதான். நீதிமன்றத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விடுதலை ஆகிவிடும். அப்படியானால் ஆரணியிலிருந்து ஒரு மனிதர் தறியை விற்கிற யோசனையோடு ஏன் பஸ் ஏறி வந்தார்? பொய்யே இல்லாத இடத்தில் ஏமாற்று எப்படி வந்தது?

வெகுநாள் யோசித்து எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய அடையை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. படிக்கிறவன் தன்னையே அதில் கொண்டுவந்து வைக்கிறான். 'புற்றுக்கட்டி' என்று நான் எழுதினேன், 'எதில்?' என்ற இடம் திறந்து கிடந்தது; அவர் தம் மனைவியின் வயிற்றை அங்கே வைத்தார். வேறு எதை வைப்பார்?

கதை எழுதுகிறவனுக்கு இது தெரியாத விஷயமா? எங்கள் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. 'அவளுக்குத் துக்கமாக இருந்தது' என்று எழுதிவிட்டு, எவ்வளவு துக்கம், எந்த அழுத்தத்தில், எத்தனை டிகிரியில் என்று எழுதாமல் விடுகிறோம். விட்ட இடத்தில் வாசகி தன் துக்கத்தை வைத்துக்கொள்ளுகிறாள், கதை அவளுடையதாகிவிடுகிறது. கதையில் அது கலை. காலி இடம் விடத் தெரியாதவன் எழுத்தாளனே அல்ல. அதே கையால், அதே சாமர்த்தியத்தால், விஞ்ஞானச் செய்தி எழுதும்போது நான் ஒரு காலி இடத்தை விட்டேன். அங்கே அது கலை அல்ல. கதையில் வரும் அழகிக்கு முகவரி கேட்டு எவரும் பஸ் ஏறுவதில்லை. மருந்துக்கு முகவரி கேட்டு ஏறுவார்கள்.

ஆசை மட்டுமா காலி இடத்தில் வந்து உட்காருகிறது? பயமும் வருகிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு சம்பவம். சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. 'அபாயம் இரண்டு மடங்கு.' எதிலிருந்து எதற்கு? முந்தைய வகை மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களில் 7,000 பேரில் சுமார் ஒருவருக்கு நேர்ந்தது, புதிய மாத்திரைகளில் 7,000 பேரில் சுமார் இருவருக்கு நேர்ந்தது. இரண்டு மடங்கு என்பதும் உண்மை, 7,000-க்கு ஒன்று கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் செய்தி சொன்னது முதலாவதை. 'எத்தனை பேரில்' என்ற இடம் திறந்து கிடந்தது. பெண்கள் அதில் தங்கள் கலவரத்தை வைத்தார்கள். பலர் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பமே ரத்தம் உறையும் அபாயத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாகக் கூட்டும் என்பதை அப்போது நிதானமாக எடுத்துச் சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

நம் வீடுகளிலும் தினம் இது நடக்கிறது. "அவருக்குச் சர்க்கரை 140-ஆம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 140 என்றால், இன்னொரு நாள் பார்த்தும் அப்படியே இருந்தால், அது நீரிழிவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140 என்றால் வைத்தியர் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எண் ஒன்றே. 'எதில், எப்போது' என்பதில் இருக்கிறது அழுகை.

இதையெல்லாம் சொன்னால், அடைகளை அள்ளிப் போட்டுவிட்டால் சத்தியம் வந்துவிடும் என்று நான் நினைப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. இடத்தை நிரப்பிவிட்டே ஏமாற்றலாம். அது இன்னும் கொடுமை.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. எலிகளுக்கு எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் அவை சாகவில்லை என்பது அதற்கு இருந்த பெரிய நற்சாட்சி. 'எலிகளில் பாதுகாப்பானது' என்று சொல்லி நிறுத்தியிருந்தால் ஓர் அரை உண்மையாவது மிஞ்சியிருக்கும். பிரிட்டனில் அதை விற்றவர்கள் 'எவருக்கு?' என்ற இடத்தைக் காலியாக விடவில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரத்திலேயே எழுதினார்கள். எவ்வளவு துல்லியமான சொற்றொடர், பாருங்கள்! உருபு இருக்கிறது, பயன் இருக்கிறது, எதுவும் தொகவில்லை. வயிற்றில் இருக்கும் சிசுவில் அது என்ன செய்யும் என்று மட்டும் ஒருவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கைகால்கள் குறுகியும் இல்லாமலும் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் 10,000-க்கு மேல். 1961 இறுதியில்தான் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். எலிகளுக்குப் பெரிய தீங்கு செய்யாத அந்த மருந்தின் குணத்தைப் பிறகு முயல்களில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த மருந்தை அமெரிக்காவில் விற்க 1960-இல் விண்ணப்பம் போயிற்று. அரசாங்கத்தின் மருந்து அனுமதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி என்ற அம்மையாரின் மேஜைக்கு அது வந்தது. கம்பெனிக்காரர்கள் திரும்பத் திரும்ப நெருக்கினார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. நீண்டகாலம் சாப்பிட்டவர்களுடைய நரம்புகளில் என்ன ஆகிறது, கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கு என்ன ஆகிறது என்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் ரசாயன வாத்தியாரின் அதே கேள்விதான். அவர் அரை மார்க்கைத்தான் பிடித்துவைத்தார். இந்த அம்மையார் ஒரு தேசத்தின் குழந்தைகளைப் பிடித்துவைத்தார்.

ஆகவே அடையைச் சேர்ப்பது ஒரு வாக்குமூலம் மாதிரி. 'எலிகளில்' என்று எழுதுகிறவன், எலிகளில் பார்த்தேன், அதற்கு அப்பால் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போடுகிறான். 'கர்ப்பிணிகளுக்கு' என்று எழுதுகிறவன் கர்ப்பிணிகளிடம் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எழுதினால் அவன் என்னைப் போலச் சொல்லை வெட்டியவன் அல்ல. பொய்க் கையெழுத்துப் போட்டவன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் கடைசி மூன்று வரியை வெட்டியவன் ஆவேன். 'நியூயார்க் டைம்ஸ்' வெட்டவில்லை. எச்சரிக்கையோடு, எலியோடு தலைப்பைப் போட்டது. ஃபோக்மனும் எங்கும் எலியை மறைக்கவில்லை. உனக்குப் புற்றுநோய் இருந்து நீ ஓர் எலியாகவும் இருந்தால் உன்னை நாங்கள் நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்ற பொருளில் அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக்கூடச் சொல்லுவார்கள். அப்படியும் பங்கு ஏறியது, நோயாளிகள் கூப்பிட்டார்கள். சொல் இருந்தது, கண்கள் அதைத் தாண்டிவிட்டன. அப்படியானால் நான் 'எலிகளின்' என்று விட்டுவைத்திருந்தாலும் அந்தத் தறிக்காரர் வந்திருப்பாரோ?

வந்திருக்கலாம். மூழ்குகிறவனுக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அப்போது அவரைக் கூட்டிவந்தது அவருடைய ஆசையாக இருந்திருக்கும். என்னிடம் வந்து, "எலிக்குக் கேட்டதுன்னு போட்டிருக்கீங்க, மனுஷனுக்குக் கேக்குமா?" என்று கேட்டிருப்பார். அது சமமான இரண்டு பேர் பேசுகிற பேச்சு. நடந்தது அப்படி அல்ல. தெரிந்த ஒன்றை நான் என் கையில் வைத்துக்கொண்டு, அவரை 130 கிலோமீட்டர் வரவழைத்து, பிறகு கொடுத்தேன்.

எல்லாப் பழியையும் பத்திரிகைக்காரன் தலையில் போடுவதும் சரியல்ல. 2019-இல் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற விஞ்ஞானி ட்விட்டரில் ஒரு வேடிக்கை செய்தார். இன்ன நோய்க்கு மருந்து, இன்ன பழத்தில் ஆயுள் என்று வருகிற செய்திகளை எடுத்து, அவற்றின் மேல் 'எலிகளில்' என்ற பொருள்படும் சொல்லை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு ஒரு விமரிசனமும் கிடையாது. பல்லாயிரம் பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 2021-இல் வேறு இருவர் இதைச் சிரிப்பாக விடாமல் எண்ணிப் பார்த்தார்கள். அல்ஸைமர் மறதி நோயைப் பற்றி எலிகளில் ஆராய்ந்து எழுதப்பட்ட 623 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். விஞ்ஞானி தன் கட்டுரைத் தலைப்பிலேயே எலியைச் சொல்லாமல் விட்டபோது, அதைப் பற்றி வந்த செய்தித் தலைப்புகளும் பெரும்பாலும் எலியைச் சொல்லவில்லை. அவர் சொன்னபோது இவர்களும் சொல்லுவது அதிகமாக இருந்தது. அதாவது, முதல் வெட்டு பல சமயம் சோதனைச்சாலையிலேயே விழுந்துவிடுகிறது. அங்கே பக்கம் அமைக்கிறவர் யாரும் நின்று, ஒரு வார்த்தை மிஞ்சுகிறது என்று சொல்லுவதில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது என்பதையும், அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

அந்த மருந்துகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். எண்டோஸ்டாட்டினை 1999-இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய தீங்கு செய்யவில்லை. எலிகளில் செய்த அற்புதத்தையும் செய்யவில்லை. ரத்தக் குழாயைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்ற ஃபோக்மனின் எண்ணம் மட்டும் வீண் போகவில்லை. 2004-இல் அதே வழியில் வந்த பெவாசிசுமாப் என்ற வேறொரு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை நான் இப்போது துணுக்காக எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்: பெருங்குடலில் தோன்றி உடலின் பிற இடங்களுக்குப் பரவிவிட்ட புற்றுநோயில், வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகள் பாதிப்பேர் உயிரோடிருந்த காலத்தை 15 மாதம் சொச்சத்திலிருந்து 20 மாதம் சொச்சத்துக்கு நீட்டிய மருந்து. தலைப்புக்கு ஆகாது. எந்தப் பக்கத்திலும் ஒரே வரியில் அடங்காது. ஆனால் இதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் எங்கோ ஒருவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஃபோக்மன் 2008 ஜனவரியில் காலமானார்.

தறிக்காரர் அன்று உடனே எழுந்து போய்விடவில்லை. காபி வரவழைத்தேன், குடித்தார். எங்கள் ஆசிரியரிடம் சொல்லி அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன் என்றேன். போட்டோம், மூன்று வரி, கடைசிப் பக்கத்தில். அதை அவர் பார்த்தாரோ என்னவோ. திருத்தத்தைப் படிக்க எவரும் பஸ் ஏறி வருவதில்லை.

புறப்படும் முன் ஒரு காகிதத்தில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார். மருத்துவமனையில் அம்மாவைப் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். நான் தயங்கினேன். "கேட்டுத்தான் வைக்கிறேனே தம்பி, கேக்கறதுல என்ன" என்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். எண்டோஸ்டாட்டின் என்ற பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை என் பக்கமே தள்ளினார்.

"இதுக்கு முன்னாடி எலின்னு போட்டுக் குடுங்க. டாக்டர் கேட்டா நான் சரியாச் சொல்லணும்ல."

போட்டுக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆரணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.